சிதோனியா வீட்டு வியாழக்கிழமை

எங்கள் சபையில் வீட்டுக்கூட்டம் நடத்துவது ஆண்கள் வேலை. முன்பு அப்படித்தான் இருந்தது. பிறகு மரச்சாமான் தொழிற்சாலையை மூடினார்கள். ஆண்கள் ஒவ்வொருவராக ஸ்பெயினுக்கும் இத்தாலிக்கும் வேன் ஏறினார்கள். மிச்சம் நின்றது போதகரும், முழங்கால் தேய்ந்த சில பெரியவர்களும், பெண்களும்தான். அதனால் சிதோனியா நடத்தினாள். யாரும் தீர்மானம் போடவில்லை, தலையில் கை வைத்து ஜெபிக்கவும் இல்லை. அது அவள் கணவன் லியோந்தின் நடத்திக்கொண்டிருந்த கூட்டம். அவன் புறப்பட்டுப் போன அந்த வாரமும் நாங்கள் வழக்கம்போலப் போய் உட்கார்ந்தோம். அவள் வழக்கம்போல டீ கொண்டுவந்து வைத்தாள். பிறகு அவனுடைய வேதாகமத்தை எடுத்துத் திறந்தாள். அவ்வளவுதான் பதவியேற்பு.

கொஞ்ச நாள் கழித்துப் போதகர் வந்து ஓரமாக உட்கார்ந்து பார்த்தார். போகும்போது வாசலில் நின்று, இது தற்காலிக ஏற்பாடுதானே என்று கேட்டார். லியோந்தின் வருகிற வரைக்கும்தான் ஐயா, அவன் இடத்தைப் பிடித்து வைத்திருக்கிறேன் என்றாள் சிதோனியா. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிறவர்கள் சொல்வதைப்போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். போதகரும் நிம்மதியாக மாடி இறங்கிப் போனார்.

நான் தொம்னிகா. அவளும் நானும் ஒரே காலணித் தொழிற்சாலையில் பக்கத்துப் பக்கத்து மெஷினில் தைத்தோம். இத்தாலிக்காரப் பெண்கள் போட்டுக்கொண்டு நடக்கிற குதிகால் செருப்புக்கு மேல்தோல் தைக்கிற வேலை. வீடும் ஒரே கட்டடம்தான். அவள் மூன்றாம் மாடி, நான் அதற்குக் கீழே. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. கேட்டவர்களை எனக்குப் பிடிக்கவில்லை, எனக்குப் பிடித்தவர்கள் கேட்கவில்லை. அதில் எனக்குப் பெரிய வருத்தம் ஒன்றும் கிடையாது, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தவிர. வியாழக்கிழமை சாயங்காலம் சிதோனியா வீட்டு மேசையைச் சுற்றி உட்காரும்போது எனக்கும் ஒரு குடும்பம் இருக்கிறது என்று தோன்றும். இதை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் சொல்லப்போவது புரிய வேண்டும் அல்லவா.

கூட்டம் நடத்துவது சுலபம் என்று அதை நடத்தாதவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பிரசங்கம் சுலபம். ஒருவர் பேசுவார், மற்றவர்கள் தூங்கலாம். கூட்டத்தில் எல்லோரும் பேச வேண்டும், ஆனால் ஒரே நேரத்தில் பேசக் கூடாது. பேசத் தெரியாதவர் வாய் திறக்க வேண்டும், பேசத் தெரிந்தவர் வாயை மூட வேண்டும், யாருக்கும் மனம் நோகக் கூடாது. எங்களில் கொர்னெல் அண்ணன் இருந்தார், டிராக்டர் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் ஆரம்பித்தால் ஆதியாகமத்தில் கிளம்பி வெளிப்படுத்தின விசேஷம் வரைக்கும் போய்த்தான் இன்ஜினை நிறுத்துவார். அவர் நோவாவைத் தாண்டுவதற்குள் சிதோனியா டீக் கெட்டிலை அவர் கையில் கொடுத்து, எல்லோருக்கும் ஊற்றச் சொல்வாள். ஊற்றிக்கொண்டே பேச அவருக்கு வராது. கெட்டில் காலியாவதற்குள் வேறு யாராவது இரண்டு வார்த்தை பேசியிருப்பார்கள்.

அதிகாரத்தை வட்டமாக, ஆளுக்கொரு வசனம் வாசிப்போம். தொடங்கும் முன்பே யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அவள் கண்ணாலேயே கணக்குப் பார்த்து வைத்திருப்பாள். வாயில் நுழையாத ராஜாக்கள் பெயர் உள்ள வசனம் ரவேக்கா அக்கா பக்கம் வருகிறதென்றால், ஜன்னல் பக்கம் காற்று அடிக்கிறது, நீ இங்கே வா தொம்னிகா, அக்கா அங்கே உட்காரட்டும் என்பாள். அக்காவின் படிப்பு நாலாம் வகுப்போடு நின்றுபோனது. அந்த ராஜாக்கள் எல்லோரும் ஏன் என் தலையிலேயே விழுகிறார்கள் என்று முதலில் எனக்குப் புரியவில்லை. ரவேக்கா அக்காவுக்கு இன்றுவரை புரியவில்லை, ஜன்னல் காற்று என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்.

கேள்வி கேட்டுவிட்டு அவள் மேசை விரிப்பின் ஓரத்தை மடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாள். அமைதி நீளும். எனக்கு அந்த அமைதி ஆகாது, ஏதாவது உளறி அதை உடைக்கப் பார்ப்பேன். அவள் என்னை ஒரு பார்வை பார்ப்பாள், நான் அடங்கிவிடுவேன். கடைசியில், வாரக்கணக்காக வாயே திறக்காத யாராவது மெல்லத் தொண்டையைச் செருமுவார்கள். ஆனால் அவள் மட்டும் விடை சொல்ல மாட்டாள். தெரிந்து வைத்துக்கொண்டு சொல்லாமல் இருப்பது என்ன கஞ்சத்தனம் என்று மெஷின் பக்கத்தில் ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"நான் சொல்லிட்டேன்னா நீங்க எல்லாரும் தலையாட்டிட்டு வீட்டுக்குப் போயிடுவீங்க," என்றாள். "சொல்லலேன்னா வாரம் பூரா முனகிக்கிட்டே திரிவீங்க. எனக்கு அந்த முனகல்தான் வேணும்."

பேச்சு முடிந்தால் ஜெபக்குறிப்பு. யாருக்கு என்ன தேவையோ சொல்வார்கள். பிறகு கண்ணை மூடி, வட்டமாக, ஒருவர் பின் ஒருவராகச் சத்தமாக ஜெபிப்போம். கூச்சப்படுகிறவர்கள் பக்கத்திலிருப்பவரின் முழங்கையைத் தொட்டால் முறை நகர்ந்துவிடும். கடைசி ஆமென் வரைக்கும் யாரும் கண் திறக்கக் கூடாது.

எங்களைப்போல வாய்விட்டு ஜெபிக்கிறவர்களுக்கென்றே ஒரு நோய் உண்டு. ஆண்டவரிடம் பேசுகிற சாக்கில் பக்கத்தில் இருப்பவருக்குச் சேதி சொல்வது. ஒரு தடவை ரவேக்கா அக்கா கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, மாடிப்படி கழுவுகிற முறை தங்களுடையது என்று தெரிந்தும் மறந்துபோகிற சகோதரிகளுக்கு நல்ல ஞாபகசக்தியைத் தந்தருளும் என்று உருகினார். அந்த வாரம் முறை என்னுடையது. அடுத்து ஜெபிக்க வேண்டியவளும் நான்தான். விடுவேனா? அடுத்தவர் படியையே பார்த்துப் பார்த்துக் களைத்துப்போன கண்களுக்கு இளைப்பாறுதலைத் தாரும் என்று நானும் உருகினேன். கொர்னெல் அண்ணனின் நாற்காலி குலுங்குகிற சத்தம் கேட்டது.

அன்றைக்கு ஆமென் சொன்ன பிறகு சிதோனியா டீ ஊற்றவில்லை. "மனுஷங்களுக்குச் சொல்ல வேண்டியத மனுஷங்ககிட்டயே சொல்லுங்க," என்றாள். "ஆண்டவரைத் தபால்காரர் ஆக்காதீங்க." எனக்கும் அக்காவுக்கும் முகம் சிவந்துவிட்டது. அடுத்த நாளே நான் படியைக் கழுவினேன், அக்கா மேலே நின்று மேற்பார்வை பார்த்தார். அன்றிலிருந்து எங்கள் கூட்டத்தில் அது சட்டம்.

அந்தச் சட்டத்தை வாரா வாரம் மீறிக்கொண்டிருந்தது சிதோனியாதான். அது அவளுக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் உறைக்கவில்லை.

விஷயம் இதுதான். மேசை நடுவில், ப்ளம் ஜாமுக்கும் ரொட்டிக் கூடைக்கும் இடையில் அவள் செல்போன் கிடக்கும். ஜெப நேரம் வந்ததும் லியோந்தினைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போடுவாள். அவன் ஸ்பெயினில் முதலில் ஆரஞ்சுத் தோட்டத்தில் பழம் பறித்தான், பிறகு தரைக்கு ஒட்டுகிற ஓடு செய்கிற தொழிற்சாலையில் சேர்ந்தான். எல்லோருக்கும் சமாதானம் என்பான். நாங்களும் சமாதானம் என்போம். வட்டம் சுற்றி வரும். சிதோனியாவின் முறையில் அவள் எப்போதும் ஒரே மாதிரிதான் கேட்பாள்: ஆண்டவரே, லியோந்தினை உமக்குச் சித்தமான நேரத்திலே எங்கள் மத்தியிலே திரும்பக் கொண்டுவாரும். அடுத்து போனிலிருந்து அவன் குரல்: ஆண்டவரே, சிதோனியாவுக்குப் பெலன் தாரும், இந்தக் கூட்டத்தை ஆசீர்வதியும். நாங்கள் எல்லோரும் ஆமென். இப்படியே வருஷங்கள் ஓடின.

அவர்கள் தனியாகப் பேசிக்கொள்வதும் எனக்குத் தெரியும். எங்கள் கட்டடத்தில் கூரைக்கும் தரைக்கும் நடுவில் பேருக்குத்தான் சிமென்ட். வெந்நீர் பாய்லர் ஒழுகுகிறது, உன் அம்மா கல்லறைக்குப் பூ வைத்தேன், குளிர்காலத்துக்கு முட்டைக்கோஸை உப்பில் ஊறப்போட்டுவிட்டேன், அங்கே மழையா. பேச்சு முடிந்ததும் அவள் காலடிச் சத்தம் கேட்கும். சமையலறையிலிருந்து ஜன்னல், ஜன்னலிலிருந்து சமையலறை. நான் கீழே படுத்துக்கொண்டு, உட்காரேன்டி, உட்காரேன் என்று கூரையிடம் சொல்லிக்கொண்டிருப்பேன்.

ஒரு நாள் வேலை நேரத்தில் நூல் மாற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள். "அவன் சட்டை வாசனை எப்படி இருக்கும்னு மறந்துபோச்சு, தொம்னிகா. அலமாரியில இருக்கறதெல்லாம் வெறும் சோப்பு வாசனை." நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது ஆயிரம் தோன்றுகிறது. அப்போது, ஆகஸ்ட் வந்தால் வந்துவிடப் போகிறான் என்றேன். அவளும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு ஊசியில் நூல் கோத்தாள்.

ஆகஸ்டில் அவன் வரத்தான் செய்வான். இரண்டு வாரம். ஊரே அந்த மாதத்தில் ஸ்பெயின் நம்பர் வண்டிகளால் நிறைந்துவிடும். வியாழக்கிழமை அவள் அவனுடைய பழைய இடத்தில் அவனை உட்காரவைத்து, வேதாகமத்தை அவன் முன்னால் நகர்த்துவாள். அவன் அதைத் திரும்ப அவள் பக்கமே நகர்த்துவான். நீயே நடத்து, நீ நன்றாகத்தான் நடத்துகிறாய் என்பான். பிறகு ஒரு மூலையில் மரியாதையாக உட்கார்ந்து, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லி, டீ நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்துகொள்வான். அவன் திரும்பிப் போன பிறகு தொழிற்சாலைக் கழிப்பறையில் சிதோனியா அழுதாள். அவனுக்கு இங்கே ஒன்றுமே ஒட்டவில்லை, எல்லாம் ஆறிப்போய்விட்டது என்றாள். அங்கே யாராவது ஒருத்தி இருப்பாள் என்று ஊரில் நாலு பேர் பேசிக்கொண்டார்கள். ரவேக்கா அக்காவும் நாகரிகமாக அதைத் தொட்டுப் பேசினார். சிதோனியா அவனிடம் கேட்கவே இல்லை. கேட்டு, அவன் ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

இந்த நிலைமையில்தான் கவ்ரிலா வந்து சேர்ந்தார். முதல் மாடிக்காரர், ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடுகிற வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர், எங்கள் சபையே இல்லை, சாமிபடத்துக்கு முன்னால் சிலுவை போட்டுக் கும்பிடுகிற ஆர்த்தடாக்ஸ்காரர். எங்கள் பாட்டுச் சத்தம் தாங்கவில்லை என்று சண்டை போடத்தான் மேலே வந்தார். கதவைத் திறந்த சிதோனியா கையில் அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த ஆப்பிள் கேக் இருந்தது. சண்டை அங்கேயே முடிந்தது. உள்ளே வந்து, சுவரில் சாமிபடம் எங்கே என்று தேடி, ஒன்றும் இல்லாததால் ஜன்னலைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கொர்னெல் அண்ணன் முகம் புளிப்பு தின்றவர் முகம் ஆனது. அடுத்த வாரம் கூப்பிடாமலே வந்தார். அதற்கடுத்த வாரம் அவருக்கென்று ஒரு நாற்காலி ஆகிவிட்டது.

பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு வியாழக்கிழமை. பர்திமேயு என்கிற குருட்டுப் பிச்சைக்காரன் வழியோரம் உட்கார்ந்து இயேசுவைக் கூப்பிடுகிற பகுதியை வாசித்தோம். சிதோனியா கேட்டாள்: அவனுக்குக் கண் தெரியவில்லை என்று பார்த்த மாத்திரத்தில் தெரிகிறதே, பிறகு எதற்கு உனக்கு என்ன வேண்டும் என்று அவனிடம் கேட்கிறார்? கேட்டுவிட்டு விரிப்பை மடிக்க ஆரம்பித்தாள். கொர்னெல் அண்ணன் ஏதேன் தோட்டத்தில் கிளம்பினார். கெட்டில் அவர் கைக்குப் போனது.

அப்போது கவ்ரிலா வாயிலிருந்த கேக்கை விழுங்கிவிட்டு, இதில் யோசிக்க என்ன இருக்கிறது, கேட்டால்தானே தெரியும் என்றார். அவர் மனைவி கல்யாணம் ஆன நாளிலிருந்து சூப்பில் உப்புக் குறைவாகப் போட்டாளாம். அவருக்குப் பிடிக்கவில்லை, ஆனால் அவள் நாக்கு அப்படி என்று பேசாமல் சாப்பிட்டாராம். அவள் இறந்த பிறகு மச்சினி சொன்னாளாம், அக்காவுக்கு உப்புத் தூக்கலாக இருந்தால்தான் பிடிக்கும், உங்களுக்கு ஆகாது என்று நினைத்துத்தான் குறைத்துப் போட்டாள் என்று. "ரெண்டு பேரும் ஆயுசு பூரா சப்புன்னு சாப்பிட்டிருக்கோம். யாரும் யாரையும் கேக்கல. இப்ப உப்பு போட்டுத்தான் சாப்பிடறேன், எறங்க மாட்டேங்குது," என்றார். நாங்கள் சிரித்துவிட்டுப் பிறகு சிரித்திருக்கக் கூடாதோ என்று குனிந்துகொண்டோம். சிதோனியா சிரிக்கவே இல்லை.

ஜெப நேரம். போனில் லியோந்தின் சமாதானம் சொன்னான். கண்களை மூடினோம். கொர்னெல் அண்ணன் முடித்தார், ரவேக்கா அக்கா முடித்தார், கவ்ரிலா என் முழங்கையைத் தொட்டார், நான் முடித்தேன். சிதோனியாவின் முறை. ஆண்டவரே, லியோந்தினை உமக்குச் சித்தமான நேரத்திலே என்று வழக்கம்போல ஆரம்பித்தாள். அங்கே குரல் நின்றுவிட்டது. மறுபடியும், சித்தமான நேரத்திலே. மறுபடியும் நின்றது. அவள் மூச்சு இழுக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

அவள் முடித்துவிட்டாள் என்று கவ்ரிலா நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. ஜெபத்தின் நடுவில் பேசக் கூடாது என்று அந்த மனிதருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. "ஏன் தங்கச்சி," என்றார், "அவர் லைன்லதானே இருக்காரு? அவரையே கேட்டுப்புடலாமே."

எங்கள் சபையில் ஜெபத்தைக் குறுக்கே வெட்டி யாரும் பேசி நான் கேட்டதில்லை. கொர்னெல் அண்ணன் இருமினார். யாரும் கண் திறக்கவில்லை. நான் திறந்தேன். சிதோனியா கண்களை அகல விரித்துப் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இரண்டு கையாலும் அதை எடுத்தாள்.

"லியோந்தின்."

"ம்."

"நான் இப்ப ஜெபம் பண்ணல. உன்கிட்டதான் பேசறேன். எனக்கு நீ வேணும். இத்தனை வருஷமா ஆண்டவர்கிட்ட கேட்டுக்கிட்டே இருந்தேன். உன்கிட்ட கேட்டா மாட்டேன்னு சொல்லிடுவியோன்னு பயம். வந்துடு."

அந்தப் பக்கம் ஏதோ வண்டி கடந்து போகிற சத்தம் கேட்டது.

"நீ என்னைக் கேக்கவே இல்லையே, சிதோனியா. வாரா வாரம் சித்தம், சித்தம்னு சொன்ன. சரி, இவளுக்கு ஒண்ணும் அவசரமில்லைன்னு நெனச்சுக்கிட்டேன். வர்றேன்னு சொன்னா பொய். அங்க எனக்கு வேலை இல்ல. கூட்டமும் இப்ப உன்னோடது. ஆகஸ்ட்ல வந்தா விருந்தாளி மாதிரி உக்காந்திருக்கேன். இங்க நம்ம ரெண்டு பேருக்கும் போதும்படியா ஒரு வீடு எடுத்து வெச்சிருக்கேன், உனக்குச் சொல்லல. பாதி வீட்டைப் பூட்டியே போட்டிருக்கேன். நீ இங்க வர்றியான்னு கேக்க வாய் வரைக்கும் வரும். கூட்டத்த விட்டுட்டு வான்னு உன்னை எப்படிக் கேக்கறது?"

"அதையும் நீ ஆண்டவர்கிட்டதான் கேட்டியா?"

"ஆமா."

சிரிப்புச் சத்தம் கேட்டது. சிதோனியாதான் சிரித்தாள், கன்னமெல்லாம் ஈரமாக. போனிலும் அவன் சிரிப்பதோ அழுவதோ கேட்டது, எது என்று சொல்ல முடியவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லி அவள் போனை வைத்தாள். மேசையைச் சுற்றி எல்லோரும் இன்னும் கண்ணை மூடிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள், யாரும் முடித்துவைக்கவில்லையே. ஆமென் சொல்லலாமா கூடாதா என்று ரவேக்கா அக்கா கிசுகிசுத்தார். கொர்னெல் அண்ணன் சொன்னார்.

அதற்குப் பிறகு அவள் எதுவும் நடக்காததுபோலக் கூட்டம் நடத்தினாள். வேலையில் மட்டும் இடது கால் தோலை வலது காலோடு சேர்த்துத் தைத்துவிட்டு மேஸ்திரியிடம் திட்டு வாங்கினாள். நானாக அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுக்காமல் விட்டால் தானாக அமுங்கிப் போகும் என்று எனக்குள் ஒரு நப்பாசை. மற்றவர்கள் ஜெபத்தில் இறங்கினார்கள். பழைய நோய் மொத்தக் கூட்டத்தையும் பிடித்துக்கொண்டது. ஆண்டவரே, இந்த வீட்டில் எரிகிற விளக்கு அணைந்துபோகாதபடி காத்தருளும் என்றார் கொர்னெல் அண்ணன். மேய்ப்பன் இல்லாத ஆடுகளை நினைத்தருளும் என்றார் ரவேக்கா அக்கா. கண்ணை மூடிக்கொண்டு எல்லோரும் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். என் முறை வந்தபோதெல்லாம் நான் பக்கத்து முழங்கையைத் தொட்டேன். வாயைத் திறந்திருந்தால் அவர்களைவிட நன்றாக இழுத்திருப்பேன்.

பனி உருக ஆரம்பித்திருந்தது. அந்த வியாழக்கிழமை வாசிப்பு முடிந்ததும் அவள் வேதாகமத்தை மூடிவைத்தாள்.

"இன்னிக்கு ஒரே ஒரு கேள்விதான்," என்றாள். "நான் போகட்டுமா, இருக்கட்டுமா?"

விரிப்பின் ஓரம் அவள் விரலில் மடிந்தது. அமைதி நீண்டது. அவளிடம் இத்தனை வருஷம் பாடம் படித்தவர்கள் ஆயிற்றே, அவள் கேள்வி கேட்டால் சும்மா இருக்க நன்றாகப் பழகியிருந்தோம். ஆனால் அன்றைக்கு அவளுக்கு முனகல் தேவைப்படவில்லை, விடை தேவைப்பட்டது. அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். கடைசியில் கொர்னெல் அண்ணன், இது பெரிய காரியம், ஜெபிப்போம் என்றார். அப்பாடா என்று எல்லோருடைய கண்களும் மூடிக்கொண்டன. எனக்கு வந்த கோபத்தில் மேசையை ஓங்கித் தட்டிவிட்டேன், கரண்டிகள் எகிறின.

"கண்ணைத் தொறங்க எல்லாரும்," என்றேன். "ஜெபம் அப்புறம் பண்ணிக்கலாம்." அவள் பக்கம் திரும்பினேன். "போ, சிதோனியா. நீ போறது எனக்குப் பிடிக்கல. இந்தக் கட்டடத்துல, இந்த ஊர்லயே எனக்குன்னு நீ மட்டும்தான். அதனால இப்பவே சொல்லிடறேன், போ. அடுத்த வாரம் கேட்டேன்னா இருன்னு சொல்லிடுவேன்."

அவள் எழுந்து மேசையைச் சுற்றிக்கொண்டு வந்தாள். என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள், தொழிற்சாலைப் பசை வாசனை அடிக்கிற கைகளால் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கவ்ரிலா கைக்குட்டையை நீட்டினார், அது எங்கள் இரண்டு பேருக்கும் போதவில்லை. அப்படியானால் இனிமேல் யார் நடத்துவது என்று ரவேக்கா அக்கா நேரடியாகவே, கண்ணைத் திறந்துகொண்டே கேட்டார்.

ஈஸ்டர் முடிந்து அவள் போனாள். வேன் வருவதற்கு முன்னால் வீட்டைப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்தாள். செடிகளுக்குத் தண்ணீர், பாய்லர் குழாயை இறுக்க மூடு, ஜன்னலைத் திறந்துவை என்று என்னவெல்லாமோ சொன்னாள். நானும் சரி சரி என்றேன். கொர்னெல் அண்ணன் ஜெபம் செய்து வழியனுப்ப ஆசைப்பட்டார், வேன்காரர் ஹாரன் அடித்ததில் மோசேயோடு முடித்துக்கொள்ள வேண்டியதாகிவிட்டது. அவள் வேன் ஜன்னல் கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டே போனாள். வண்டி மறைந்ததும் நான் வேலைக்குப் போனேன், ஷிப்ட் இருந்தது. பக்கத்து மெஷினில் ஒரு புதுப் பெண்ணை உட்காரவைத்திருந்தார்கள்.

இப்போது வியாழக்கிழமைகளை நான் நடத்துகிறேன். முதல் வாரம் ஒரு கேள்வி கேட்டுவிட்டு, அமைதி தாங்காமல் நானே பதிலையும் சொல்லிவிட்டேன், கவ்ரிலா விழுந்து விழுந்து சிரித்தார். இப்போது கொஞ்சம் தேறியிருக்கிறேன். சிதோனியா சில ஞாயிற்றுக்கிழமைகளில் மத்தியானம் கூப்பிடுகிறாள், எனக்கு அந்த நேரம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். பேசும்போது பின்னால் பாத்திரச் சத்தமும், லியோந்தின் எதையோ எங்கே வைத்தாய் என்று கேட்பதும், அவள் போனை விலக்கிக்கொண்டு அவனைத் திட்டுவதும் காதில் விழும். அவள் குரல் இளமையாகிவிட்டது. கேட்டுக்கொண்டே நான் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவளைப் பார்க்க வேண்டும் என்று ஏங்குகிற ஏக்கம் சில நாள் சாப்பாட்டைக்கூட இறங்க விடுவதில்லை.

கூட்டத்தில் ஜெபக்குறிப்பு கேட்கும்போது, சிதோனியா திரும்பி வர வேண்டும் என்று ரவேக்கா அக்கா தவறாமல் சொல்கிறார். கொர்னெல் அண்ணனும் தலையாட்டுகிறார். விருப்பப்பட்டவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுகிறேன். வட்டம் சுற்றி என்னிடம் வரும்போது பாய்லருக்காகவும், கவ்ரிலாவின் மூட்டுவலிக்காகவும், புதுப் பெண்ணுக்காகவும் கேட்கிறேன். அதை மட்டும் கேட்பதில்லை. கேட்டால் ஆண்டவர் கொடுத்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.